ஓதியது ஏன் மறக்கிறது?

"ஹஜ்ரத், இவனுக்கு ஞாபக சக்தியே கிடையாது. வல்லாரைக் கீரை, பாதாம் பருப்பு, ஓதி ஊதிய தண்ணீர் எல்லாம் கொடுத்துப் பார்த்தாச்சு. ஹிஃப்ழை நிறுத்திட்டு ஸ்கூலுக்கு மட்டும் அனுப்பலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

சமயநல்லூரில் நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளில் ஒருவனுடைய தந்தை, சில மாதங்களுக்கு முன் ஒருநாள் மஃரிபுக்குப் பின் வந்து இப்படிக் கேட்டார். பையன் அத்தாவின் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றான். பதினோரு வயது. சூரத்துல் பகராவில் ஆரம்பித்துப் பத்து ஜுஸ்உ முடித்தவன். முதல் நாள் கொடுத்த சபக்கை மறுநாள் சுபுஹுக்குப் பின் பிழையில்லாமல் ஒப்பித்து விடுவான். ஆனால் போன வருஷம் மனனம் செய்ததைக் கேட்டால் திணறுவான். ஒரு சூராவில் தொடங்கி, தன்னையறியாமல் வேறொரு சூராவுக்குள் போய்விடுவான்.

"பாய், அவசரப்படாதீங்க. கொஞ்சம் அவகாசம் கொடுங்க, யோசித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பி வைத்தோம். வழக்கம்போல் "இன்னும் நன்றாக ஓதச் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அப்படிச் சொல்ல நமக்கு நா எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஓதி முடித்து வந்த புதிதில், மதுரைப் பக்கம் ஒரு மதரஸாவில் நாம் உதவி உஸ்தாதாக இருந்தோம். அங்கே இதே வயதில், இதே குறையுடன் ஒரு மாணவன் இருந்தான். மந்த புத்தி என்று அவனுக்குப் பெயரிட்டதும் நாம்தான். எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் அஸர் வரை நிற்க வைத்ததும் நாம்தான். ஒரு வாரத்தில் அவன் ஓடிப் போனான். இன்று பரவை மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குகிறான். உழைத்துச் சாப்பிடுவதில் இழிவு எதுவுமில்லை. ஆனால் நம்மைக் கண்டால் ஸலாம் சொல்லிவிட்டு, முகத்தைப் பாராமல் விரைந்து போய்விடுகிறான்.

எனவே இந்த முறை கேட்டுத் தெரிந்து கொண்டு பேசுவது என்று முடிவு செய்தோம். மனோதத்துவம் கற்பிக்கும் ஒரு நண்பரிடம் நூல்கள் வாங்கிப் படித்தோம். விளங்காத இடங்களை அவரிடமே கேட்டோம். அதில் கிடைத்ததை வாசகர்களுடன், குறிப்பாகப் பிள்ளைகளை ஓத அனுப்பியிருக்கும் பெற்றோர்களுடன் பகிர்ந்து கொள்கிறோம்.

மறதியை அளந்தவர்

ஞாபக சக்தி என்றவுடன் நாம் ஒரு பெட்டகத்தை நினைத்துக் கொள்கிறோம். சிலருக்குப் பெரிய பெட்டகம், சிலருக்குச் சிறியது. நம் பிள்ளையுடையது ஓட்டைப் பெட்டகம்! மனோதத்துவ நிபுணர்கள் இதை ஒப்புக் கொள்வதில்லை. பதித்தல், காத்தல், மீட்டெடுத்தல் என்று ஞாபகத்தில் மூன்று வேலைகள் இருப்பதாக அவர்கள் பிரிக்கிறார்கள். "மறந்து விட்டது" என்று நாம் சொல்லும்போது மூன்றில் எது தவறியது என்பதே அவர்களுடைய முதற் கேள்வி. பதிந்தது உள்ளே இருந்தும், வெளியே வர வழி தெரியாமல் நிற்பது மிக மிகச் சாதாரணம். தெரிந்தவர் ஒருவரின் பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்டு, அவர் போன பிறகு ஞாபகம் வருவதில்லையா? அதுதான்.

இந்த ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர் ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர். 1885-ல் அவருடைய நூல் வெளிவந்தது. அவருக்கு உதவியாளரும் இல்லை, மாணவரும் இல்லை. தம் மனத்தையே பரிசோதனைக் கூடமாக்கிக் கொண்டார். அர்த்தமுள்ள சொற்கள் என்றால் முன்பே தெரிந்தவை உதவிக்கு வந்துவிடும் என்று, அர்த்தமேயில்லாத அசைகளை உண்டாக்கி, வரிசை வரிசையாக மனனம் செய்தார். பிறகு வெவ்வேறு இடைவெளி விட்டு, அதே வரிசையைத் திரும்ப மனனம் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்தார். 20 நிமிடம் கழித்து மறுபடி படித்தபோது, முதல் தடவை ஆன உழைப்பில் 58 சதவீதம் மிச்சமாயிற்று. ஒரு மணி நேரம் கழிந்தபோது 44 சதவீதம். ஒரு நாள் கழிந்தபோது 34 சதவீதம். ஆனால் 31 நாட்களுக்குப் பிறகும் 21 சதவீதம் மிச்சம் இருந்தது!

இந்தக் கணக்கைச் சற்றே கவனியுங்கள். மறதியின் பெரும் பகுதி முதல் நாளிலேயே நடந்து விடுகிறது. அதன் பிறகு அது மெதுவாகத்தான் தேய்கிறது. ஒரு மாதம் தொடாமல் விட்டதும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. திரும்ப எடுத்தால் புதிதாகப் படிப்பதை விடக் குறைந்த உழைப்பில் வருகிறது. அவரோ மந்த புத்திக்காரர் அல்லர், ஜெர்மனியின் பேராசிரியர். 2015-ல் நெதர்லாந்து நாட்டில் இதே பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய அதே கணக்குத்தான் வந்தது.

குர்ஆனை மனனம் செய்தவர் அதைத் தொடர்ந்து கவனித்து வர வேண்டும், இல்லையேல் கட்டை அவிழ்த்துக் கொண்டு ஓடும் ஒட்டகத்தை விட விரைவாக அது நழுவிவிடும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸை மதரஸாவில் ஓதியவர்கள் அனைவரும் அறிவார்கள். "பார்த்தீர்களா, விஞ்ஞானம் இன்று சொல்வதை..." என்று மார் தட்டுவதற்காக இதை நாம் எடுத்துச் சொல்லவில்லை. அந்த வழக்கம் நமக்குப் பிடிப்பதும் இல்லை. நாம் சொல்ல வருவது வேறு. இந்த ஹதீஸை ஓதிக் கொடுக்கும் நாமே, ஒட்டகம் ஓடினால் பிள்ளையைப் பிரம்பால் அடிக்கிறோம். ஓடுவது அதன் இயல்பு என்றல்லவா அதில் இருக்கிறது! தொழுகையில் ரக்அத்தின் எண்ணிக்கையை நபி (ஸல்) அவர்களே மறந்து, தோழர்கள் நினைவூட்டிய பின் நிறைவு செய்து ஸஜ்தா ஸஹ்வு செய்த செய்தியும் ஹதீஸ் கிதாபுகளில் இருக்கிறது. மறதிக்கென்று ஒரு ஸஜ்தாவே ஏற்பட்டிருக்க, பதினோரு வயதுப் பிள்ளையின் மறதி மட்டும் எப்படிக் குற்றமாகும்?

கோட்டாற்றின் சதாவதானி

"அப்படியானால் சிலருக்கு மட்டும் அபார ஞாபகம் இருக்கிறதே, அது பிறவி வரம் இல்லையா?" என்று கேட்கலாம். இதற்கு நம் சமுதாயத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. நாகர்கோவில் கோட்டாற்றுப் பக்கம் இடலாக்குடியில் 1874-ல் பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். சங்கரநாராயண அண்ணாவியாரிடம் இலக்கண இலக்கியம் பயின்றவர். சீறாப்புராணத்துக்கு உரை எழுதியவர். 1907-ம் ஆண்டு மார்ச் 10-ம் தேதி சென்னை விக்டோரியா மண்டபத்தில், அறிஞர்கள் கூடிய சபையில் சதாவதானம் செய்து காட்டி, 'சதாவதானி' என்ற பெயரையே தம் பெயருக்கு முன் நிலைநிறுத்திக் கொண்டார். அப்போது அவருக்கு வயது 32. 1950-ல் மறைந்தார். 2008-ல் இந்தியத் தபால் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

அவதானம் என்பது பலர் பல திசையிலிருந்து கொடுக்கும் வேலைகளை ஒரே அமர்வில் கவனத்தில் வைத்து நிறைவேற்றுவது. முதுகில் விழும் கற்களை எண்ண வேண்டும். இடையிடையே அடிக்கும் மணியையும் எண்ண வேண்டும். ஒருவர் கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா பாட வேண்டும். இன்னொருவர் கேட்ட கணக்குக்கு விடை சொல்ல வேண்டும். எட்டு என்றால் அஷ்டாவதானம், நூறு என்றால் சதாவதானம்.

மனோதத்துவம் இதை எப்படி விளக்கும்? ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்கர் 1956-ல் எழுதிய ஒரு கட்டுரை பிரசித்தமானது. மனிதன் ஒரு பார்வையில், ஒரு கேள்வியில் பிடித்து வைத்துக் கொள்ளக்கூடியவை ஏழு, ஒன்றிரண்டு கூடவோ குறையவோ என்றார் அவர். நான்குதான் என்று பின்னால் வந்தவர்கள் இன்னும் குறைத்து விட்டார்கள். நான்கோ ஏழோ, நூறு அல்ல. ஆயினும் மில்லர் இன்னொன்றையும் சொன்னார்: அந்த ஏழில் ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு 'பிஸ்மில்லாஹ்' என்பதே பல துண்டுகள். நமக்கு 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' முழுவதும் ஒரே துண்டு.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேஸ், எரிக்சன் என்ற இருவர் ஒரு மாணவருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்து 1980-ல் வெளியிட்டார்கள். சாதாரண மாணவர், தொடக்கத்தில் ஏழு இலக்கங்களைத்தான் கேட்டுத் திருப்பிச் சொல்ல முடிந்தது. 230 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்த பின் 79 இலக்கங்களைச் சொன்னார். ரகசியம் என்னவென்றால், அவர் ஓட்டப் பந்தயக்காரர். கேட்ட எண்களை எல்லாம் இன்ன தூரத்துக்கு இன்ன நேரம் என்று பந்தயக் கணக்காக மாற்றி மாற்றி அடுக்கிக் கொண்டார். எண்களுக்குப் பதிலாக எழுத்துக்களைக் கொடுத்தபோது? பழையபடி ஆறுதான்! பெட்டகம் பெரிதாகவில்லை, எண்களுக்கு மட்டும் அவர் கொக்கிகள் அடித்து வைத்திருந்தார்.

பாவலர் அவர்களுக்கு அந்தக் கொக்கிகள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால், யாப்பும் இலக்கியமும் இளமை முதல் அவர் நெஞ்சில் ஊறிக் கிடந்தது என்பதே நம் கருத்து. ஈற்றடி கொடுத்தவுடன் அதற்கு ஏற்ற சீரும் தளையும் அவருக்குத் தாமாகவே வந்து நிற்கும்; அந்த நேரத்தில் மனம் மணியோசைக்குப் போய்த் திரும்பலாம். இதனால் அவருடைய பெருமை குறைந்து விடாது. பிறவி வரம் என்று சொல்லிவிட்டால்தான் அவர் பட்ட பாட்டை நாம் மறைத்தவர்களாவோம்.

பையனின் பிழை

இனி நம் பையனுக்கு வருவோம். அவன் எங்கே தடுமாறுகிறான் என்று ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்த்தோம். கண்ட இடத்தில் எல்லாம் இல்லை! ஒன்று போல் மற்றொன்று இருக்கும் இடங்களில்தான். உதாரணமாக, பனூ இஸ்ராயீல்களுக்கு ஓர் ஊருக்குள் நுழையும்போது கொடுக்கப்பட்ட கட்டளைகள் பகராவின் 58-வது வசனத்திலும் வருகின்றன, அஃராஃபின் 161-வது வசனத்திலும் வருகின்றன. சொற்கள் ஏறக்குறைய அவையே. இரு கட்டளைகள் முன்பின்னாக மாறியிருக்கும். நம் பையன் பகராவில் புறப்பட்டு, அந்த இடத்தில் தடம் மாறி அஃராஃபுக்குள் போய்விடுகிறான். ஹாஃபிழ்கள் இவற்றை 'முதஷாபிஹாத்' என்பார்கள். முப்பது வருஷம் தராவீஹ் தொழ வைத்தவர்களும் இங்கே கவனமாகத்தான் போவார்கள்.

மறதிக்கு மனோதத்துவ நிபுணர்கள் சொல்லும் மிக முக்கியமான காரணம் இதுவே. காலம் போவதால் மட்டும் ஞாபகம் தேய்வதில்லை. ஒன்றைப் போன்ற இன்னொன்று குறுக்கே வந்து வழியை மறிக்கிறது. புதியது பழையதை மறிக்கும். பழையது புதியதையும் மறிக்கும். அப்படியானால் பத்து ஜுஸ்உ ஓதியவனுக்கு இரண்டு ஜுஸ்உ ஓதியவனை விடத் தடுமாற்றம் அதிகம் இருக்கத்தானே செய்யும்? அவனுடைய அத்தா குறையென்று கொண்டு வந்தது, அவன் தூரம் வந்துவிட்டான் என்பதற்கு அடையாளம்.

இன்னொன்றும் கண்டோம். சூராவின் ஆரம்பத்திலிருந்து விட்டால் ஓடுகிறான். நடுவில் ஒரு வசனத்தைச் சொல்லித் தொடரச் சொன்னால் நிற்கிறான். ஆரப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை ஃபாத்திமா கல்லூரி, விளாங்குடி, பரவை, சமயநல்லூர் என்று நிறுத்தங்களை ஒப்பிக்கும். "பரவைக்கு முந்தியது எது?" என்றால் மனத்துக்குள் ஆரப்பாளையத்துக்குப் போய் மறுபடி புறப்பட்டு வரும். ஒவ்வொரு சொல்லும் அடுத்ததற்குக் கொக்கியாக இருக்கும் இந்தச் சங்கிலி அழகானதுதான். ஆனால் ஒரு கண்ணி அறுந்தால் மிச்சமெல்லாம் கைவிட்டுப் போகும்.

பரிகாரம் என்ன? "பார்த்துப் பார்த்து நூறு தடவை ஓது" என்பதே நாம் இதுவரை சொன்ன மருந்து. இங்கேதான் நாமே திருத்திக் கொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பாடத்தை நான்கு தவணை படித்தார்கள். மற்றொரு பிரிவினர் ஒரு தவணை மட்டும் படித்து, மீதி மூன்று தவணையும் தாளை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக் கொண்டே இருந்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 71 தான். ஒரு வாரம் கழித்து? படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61! பார்த்து ஓதும்போது நாக்குச் சரளமாக ஓடுவதால் 'வந்துவிட்டது' என்று மனம் ஏமாறுகிறது. மூடி வைத்துத் தடுமாறித் தேடி எடுக்கும்போதுதான் வழி உறுதியாகிறது. திலாவத்தின் நன்மைக்காகப் பார்த்து ஓதுவது வேறு, அதைக் குறைக்கச் சொல்லவில்லை. மனனத்தைக் காப்பது வேறு வேலை.

எபிங்காஸ் சொன்ன இன்னொரு கணக்கும் இங்கே உதவும். ஒரே நாளில் 68 தடவை திரும்பச் சொல்லிக் கிடைத்த பலன், மூன்று நாட்களில் பகிர்ந்து 38 தடவை சொன்னதிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் பிள்ளையை லுஹர் முதல் இஷா வரை உட்கார வைத்து ஐந்து ஜுஸ்உ 'தவ்ர்' பார்க்கும் வழக்கத்தை விட, தினமும் கால் மணி நேரம் மேலானது. ரமலான் தோறும் ஜிப்ரீல் (அலை) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஓதிக் காட்டியதும், கடைசி வருஷம் இரு தடவை அது நடந்ததும் நினைவுக்கு வருகிறது. அதுவும் ஓதிக் காட்டல். கேட்பதற்கு எதிரில் ஒருவர்.

கேட்பவர் ஏன் வேண்டும் என்பதற்குப் பார்ட்லெட் என்ற ஆங்கிலேயர் 1932-ல் எழுதிய நூல் பதில் தருகிறது. வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைத் தம் நாட்டவருக்குப் படிக்கக் கொடுத்து, நாள் கடந்து திரும்பக் கேட்டார். அந்நியமாக இருந்த சம்பவங்களை விட்டுவிட்டுத் தங்களுக்குப் பழக்கமானதைச் சேர்த்து அவர்கள் சொன்னார்கள். ஓடம் படகாக மாறியது! பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. மனம் கருத்தைப் பிடித்துக் கொண்டு சொற்களைத் தானாகவே கட்டிக் கொள்கிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி பகராவின் 282-வது வசனம் கூறுவதை அலட்சியம் செய்துவிட்டு, "எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது" என்று இரண்டு நல்ல மனிதர்கள் ஜமாஅத்தில் வந்து நிற்பதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! ஒரு எழுத்தும் மாறக் கூடாத வேதத்துக்கோ, பிழையைச் சொல்ல ஒரு காது அவசியம். தராவீஹில் இமாமுக்குப் பின்னால் நின்று லுக்மா எடுத்துக் கொடுக்க ஒரு ஹாஃபிழை நிறுத்துகிறோமே, அதற்குக் காரணம் இமாமின் மேல் அவநம்பிக்கை அல்லவே!

தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. மனனம் செய்த பின் தூங்கியவர்கள், விழித்திருந்து வேறு வேலை பார்த்தவர்களை விட அதிகம் நினைவு வைத்திருந்ததை 1924-லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் காட்டினார்கள். இரவில் சபக் பார்த்துவிட்டுப் படுத்து சுபுஹில் ஒப்பிக்கும் நம் பழைய முறை நல்ல முறையே. நடுவில் செல்போன் புகுந்து இரவு பன்னிரண்டு மணி ஆவதுதான் புது முறை.

பயம் பற்றியும் சொல்லியாக வேண்டும். கலவரப்படும்போது உடலில் கார்ட்டிசால் என்ற ஒரு சுரப்பு அதிகரிக்கிறது. 2000-ம் ஆண்டில் ஸூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், இதற்கு இணையான மருந்தை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 24 மணி நேரத்துக்கு முன் நன்கு படித்திருந்த சொற்களையே அவர்களால் சரியாக மீட்க முடியவில்லை. படித்தது உள்ளே இருக்கிறது. பயம் வாசலில் நிற்கிறது. பிரம்பைத் தூக்கிப் பிடித்துக் கொண்டு "சொல், சொல்" என்றோமே, அந்த மாணவனுக்குத் தெரிந்திருந்ததையும் நாமே அடைத்திருக்கிறோம். இதைப் படித்த அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் தந்தையை வரவழைத்துப் பேசினோம். "அப்ப இவனுக்கு ஞாபக சக்தி இருக்குன்றீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். "இருக்கு பாய். இதுவரைக்கும் நாமதான் சரியாக் கேட்கலை" என்றோம். புதுப் பாடம் சில காலத்துக்கு வேண்டாம் என்று நிறுத்தினோம். முதஷாபிஹாத் வரும் இடங்களை எதிரெதிரே இரண்டு பத்தியாக ஒரு நோட்டில் அவனையே எழுத வைத்தோம். சூராவின் நடுவிலிருந்து கேட்பது, மூடி வைத்துச் சொல்வது, தினமும் கொஞ்சம். வீட்டில் கேட்பதற்கு யார் என்ற கேள்வி வந்தது. தந்தை இரவு பத்து மணிக்குத்தான் கடையடைத்து வருவார். அம்மாவுக்குக் குர்ஆன் பார்த்து ஓத மட்டும் தெரியும், அதுவும் மெதுவாக. "அது போதும்" என்றோம். அடுப்படியில் முஸ்ஹஃபை விரித்து வைத்து, வரியின் மேல் விரலை வைத்துக் கொண்டு அவர் கேட்கிறார். விரல் நின்றால் மகனும் நிற்கிறான்.

பத்து ஜுஸ்உகளில் ஆறு திரும்ப வந்திருக்கின்றன. அஃராஃபில் இன்னும் இரண்டு இடத்தில் தடம் மாறுகிறான். மாறியவுடன் அவனே சிரித்துக் கொண்டு, திரும்பி வருகிறான்.